விரிசலுக்குப் போட்ட கண்ணாடி

கண்ணாடி தானாக உடைந்தால் எப்படி உடையும் என்று எப்போதாவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருக்க மாட்டீர்கள். உடைந்ததும் நாம் பார்ப்பது நம் காலைத்தான், குத்திவிட்டதா என்று. அப்புறம் துடைப்பத்தைத் தேடுவோம். கல்யாணத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் இருந்தேன். கண்ணாடிக் கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்ட பிறகு எல்லாம் மாறிவிட்டது. எங்கள் வீட்டில் ஒரு டம்ளர் விழுந்தால் என்னால் உடனே கூட்ட முடியாது. அவர் வந்து துண்டுகளைப் பொறுக்கி வரிசையாக அடுக்கி, பிரேதப் பரிசோதனை செய்து, மரணம் எப்படி நேர்ந்தது என்று அறிக்கை கொடுத்த பிறகுதான் துடைப்பத்தில் கை வைக்க வேண்டும்.

"நல்லாப் பாத்துக்கோ. தானா உடைஞ்ச கண்ணாடி மழைத்தண்ணி மாதிரி, இஷ்டப்பட்ட பக்கம் போகும். மனுஷன் வெட்டின கண்ணாடி ரோடு மாதிரி, நேராப் போகும்."

"இப்ப இந்த டம்ளர் எப்படிப் போச்சு?"

"உன் கைய விட்டுப் போச்சு."

இப்படி ஒரு மனிதர். கெட்டவர் இல்லை. கெட்டிக்காரர் என்று ஒரு நினைப்பு உண்டு, அவ்வளவுதான். அந்த நினைப்பினால் ஒரு வீடு எங்கள் கையை விட்டுப் போன கதையைத்தான் சொல்ல வந்தேன். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

நாங்கள் குடியிருப்பது மாடி வீடு. எனக்குத் துணி திருத்தித் தைக்கும் தொழில். நீளக் கால்சட்டையைக் குட்டையாக்குவேன். பெருத்துப் போனவர்களின் சட்டைக்குப் பக்கத்தில் பட்டை வைத்து, அவர்கள் பெருக்கவில்லை என்று அவர்களையே நம்ப வைப்பேன். நான் மெஷினை மிதிக்க ஆரம்பித்தால் கீழ்வீட்டுக்காரம்மா ஒட்டடைக் குச்சியை எடுத்துவிடுவார். அவர் தன் கூரையை, அதாவது என் தரையைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் மெதுவாக மிதி. இரண்டு தட்டு என்றால் நிறுத்து. மூன்று தட்டு என்றால் மேலே வந்துகொண்டிருக்கிறேன்.

ஒருநாள் மூன்று தட்டு விழுந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் பாதியில் எழுந்துவிட்டார்.

"போதும். இனிமே நமக்கு மேலயும் யாரும் வேணாம், கீழயும் யாரும் வேணாம். சொந்தமா ஒரு வீடு. தனி வீடு."

"சொல்றது சரிங்க. சாப்பிட்டுட்டுச் சபதம் போடுங்க, ஆறிடும்."

சாப்பாட்டைத்தான் சொன்னேன். ஆனால் சபதம் ஆறவில்லை. கடைக்குப் பின்பக்கச் சந்தில் 'வீடு விற்பனைக்கு' என்று ஒரு பலகை தொங்குவதை அடுத்த வாரமே கண்டுபிடித்துவிட்டார். எங்கள் மகள் குட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன்.

வீட்டுக்குச் சொந்தக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். மனைவி இறந்துபோய்த் தனியாக இருந்தார். மகனோடு போய் இருக்க வேண்டும் என்பதால் வீட்டை விற்கிறார். வேலையை விட்டாலும் வேலை அவரை விடவில்லை.

"வாங்க, வாங்க. உள்ள போங்க. வழியில நிக்காதீங்க, முன்னாடி நெறைய இடம் இருக்கு."

முன்னாடி நாலு நாற்காலிதான் இருந்தது. உட்கார்ந்தோம். தண்ணீர் கொடுத்த கையோடு அவரே ஆரம்பித்தார்.

"முதல்லயே சொல்லிடறேன் தம்பி. இந்த வீட்டுல பின்பக்கத்து மூலை ஒண்ணு இறங்கியிருக்கு."

"இறங்கியிருக்குன்னா?"

"ஒரு டயர்ல காத்து போனா பஸ்ஸு ஒரு பக்கமாச் சாயும்ல, அந்த மாதிரி. மண்ணுக்கு அடியில சாக்கடைக் குழாய் உடைஞ்சிருக்கு. யாருக்கும் தெரியல. வருஷக்கணக்காக் கசிஞ்சு, அந்த மூலைக்குக் கீழ இருந்த மண்ணையெல்லாம் கரைச்சுட்டுப் போயிடுச்சு. மண்ணு போனதும் அஸ்திவாரம் அப்படியே உக்காந்துடுச்சு. அப்புறம் குழாய மாத்தினோம். அடியில தோண்டி கான்கிரீட் முட்டு குடுத்தோம். அதுக்கப்புறம் வீடு அசையலை. அசையலைன்னு நான் சொல்றேன். நீங்க நம்பணும்னு கட்டாயம் இல்ல."

என் வீட்டுக்காரர் என் காதோரம் குனிந்தார். "இவ்வளவு உண்மை பேசுறவர் வியாபாரம் பண்ணவே லாயக்கில்ல."

"அதான் நல்லதுங்க."

"அதத்தான் நானும் சொல்றேன். நமக்கு நல்லது."

இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னோம். அர்த்தம் வேறு என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பின் அறைக்குப் போனோம். குட்டியைக் கீழே இறக்கிவிட்டேன். அவள் கையிலிருந்த பொம்மைக் காரைத் தரையில் வைத்தாள். அது தானாகவே உருண்டு மூலைக்குப் போய் நின்றது. குட்டி அதை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். எடுத்து வந்து மறுபடி வைத்தாள். மறுபடி போனது. அதற்கு மேல் அவளுக்கு அப்பாவும் வேண்டாம், அம்மாவும் வேண்டாம். எங்கள் குடும்பத்தில் முதலில் வீட்டை முடிவு செய்தவள் அவள்தான்.

இரண்டாவது நான். அந்த அறையில் ஒரு பெரிய ஜன்னல். மெஷினை அதற்கு நேராகப் போட்டால் வெளிச்சம் இடது கைப் பக்கமாக விழும். தைக்கிறவர்களுக்குத்தான் தெரியும், அது எவ்வளவு பெரிய சொத்து என்று. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டினாலும் கண் இடுங்காது. கீழே குடித்தனக்காரர் யாரும் கிடையாது. வெறும் மண். மண் ஒட்டடைக் குச்சி எடுத்துத் தட்டாது. எந்த மேஜை எங்கே, தைத்து முடித்த துணிகளை எங்கே தொங்கவிடுவது, அளவு கொடுக்க வருகிறவர்கள் எங்கே நிற்பது என்று நின்ற இடத்திலேயே மனசுக்குள் குடியேறிவிட்டேன்.

ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரைக்கும் சுவரில் ஒரு விரிசல் இருந்தது. படிக்கட்டு மாதிரி, செங்கல் செங்கலாக ஏறிப் போயிருந்தது.

"பழைய விரிசல்தாம்மா" என்றார் கண்டக்டர் ஐயா. "போன மாசம் ஒரு இன்ஜினியரக் கூட்டிட்டு வந்து காட்டினேன். ஒரு வழி சொன்னாரு. விரிசலுக்குக் குறுக்க ஒரு கண்ணாடித் துண்டை வெச்சு, ரெண்டு முனையிலயும் சிமென்ட் பூசி ஒட்டணுமாம். கண்ணாடி வளையாது பாருங்க. சுவரு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் பட்டுனு உடைஞ்சிடும். மழைக்காலம் முழுக்க உடையாம இருந்தா வீடு நின்னுடுச்சுன்னு அர்த்தம். நீங்க அவசரப்பட வேணாம். மழை முடியட்டும். கண்ணாடி நின்னா வீட்ட எடுத்துக்குங்க. உடைஞ்சா உங்க வழி உங்களுக்கு."

அவர் விலையையும் சொன்னார். நியாயமான விலை. நாங்கள் சேர்த்து வைத்ததோடு கடனும் வாங்கினால் எட்டிவிடலாம்.

"கண்ணாடிக்கு எங்க போவீங்க?" என்று நெஞ்சை நிமிர்த்தினார் என் வீட்டுக்காரர். "நம்ம கடைதான். நானே வந்து ஒட்டித் தரேன்."

மறுநாளே அளவெடுத்து வெட்டி, மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலின் குறுக்கே ஒட்டிவிட்டு வந்தார். குட்டியின் கைக்கு எட்டாத உயரம் கூட இல்லை. அடுத்த தடவை போனபோது அவள் அதில் தன் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

மழை வந்தது. அந்த வருஷம் அடித்த மழையில் எங்கள் மாடி வீட்டுச் சுவரே ஊறி உப்பியது. கண்ணாடி அசையவில்லை. ஒவ்வொரு மழைக்கும் குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவோம். பரீட்சை எழுதிய பிள்ளையின் பெற்றோர் போல வாசலிலேயே கேட்பேன்.

"எப்படி இருக்குங்க ஐயா?"

"அப்படியே இருக்கும்மா. ரைட், ரைட்."

நான் ஜன்னலுக்குத் திரைச்சீலையே தைத்து முடித்துவிட்டேன். பிறர் கொடுத்த துணிகளில் மிஞ்சிய துண்டுகளைச் சேர்த்து, பச்சையும் மஞ்சளுமாக. என் வீட்டுக்காரர் மட்டும் மழை குறையக் குறையச் சோர்ந்துகொண்டே வந்தார்.

"என்னங்க, கண்ணாடி நின்னுடுச்சு. நீங்க என்னமோ அதுவே உடைஞ்ச மாதிரி இருக்கீங்க."

"நின்னுடுச்சு. அதான் யோசனை. வீடு நல்ல வீடுன்னு ஆயிடுச்சுன்னா விலை குறைச்சுக் கேக்க முடியாதே."

"ஏன் குறைக்கணும்? நியாயமாத்தானே சொன்னாரு."

"உனக்கு வியாபாரம் தெரியாது."

"தெரியாதுங்க. நீங்க சொன்ன விலைக்குத்தானே உங்கள வாங்கினேன்."

அவர் சிரிக்கவில்லை. எதையோ யோசித்துக்கொண்டே ஜன்னல் அளவு எடுக்க வேண்டும் என்று தனியாக ஒரு தடவை அந்த வீட்டுக்குப் போய் வந்தார். ஜன்னல் அளவை நான் எடுத்து, திரைச்சீலையே தைத்தாகிவிட்டது. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலமே கண்டக்டர் ஐயாவிடமிருந்து போன் வந்தது. "தம்பி, வாங்க. கண்ணாடி போயிடுச்சு."

ஓடினோம். அதாவது நான் ஓடினேன். அவர் நடந்து வந்தார்.

கண்டக்டர் ஐயா பின் அறை வாசலில் நின்றிருந்தார், உள்ளே போகவில்லை. "கடைக்குப் போயிட்டு வந்து பாத்தேன். இப்படி இருக்கு. வீடு நகருதும்மா. நின்னுடுச்சுன்னு இத்தனை வருஷம் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். உங்ககிட்டயும் சொல்லிட்டேன்."

என் வீட்டுக்காரர் உச்சுக் கொட்டினார். இரண்டு கையையும் தலையில் வைத்தார். ஒரு கை போதும். இரண்டு கை வைத்ததும் எனக்கு என்னவோ போல இருந்தது. சுவர்ப் பக்கம் போனேன்.

கண்ணாடித் துண்டு நடுவில் இரண்டாக உடைந்திருந்தது. உடைந்த இடம் ரோடு மாதிரி நேராக இருந்தது. மூலைமட்டம் வைத்துப் பார்க்கலாம், அவ்வளவு நேர். சரி, சுவர் ஒழுக்கமான சுவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, உடைந்த விளிம்பில் கட்டை விரலை வைத்தேன்.

குத்தவில்லை. வழவழவென்று இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தது.

எத்தனையோ கண்ணாடியை உடைத்த சுவர்கள் இந்த உலகத்தில் இருக்கும். உடைத்துவிட்டு விளிம்பைத் தேய்த்துவிட்டுப் போன சுவர் இது ஒன்றுதான். கடையில் எந்தத் துண்டை வெட்டினாலும் விளிம்பைத் தேய்க்காமல் அவரால் கீழே வைக்க முடியாது. திருடப் போன இடத்திலும் கை தன் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்டக்டர் ஐயா தொண்டையைச் செருமினார். "இப்பவும் நீங்க வாங்கறதா இருந்தா நான் சொன்ன விலை தப்பு. குறைச்சுக்குங்க. கால்வாசி கழிச்சுக்கிட்டாலும் சரி. வேணாம்னாலும் எனக்கு வருத்தம் இல்ல."

பேரமே பேசாமல் விலை இறங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை அடக்கப் பார்த்தார், அது காது வழியாக வெளியே வந்தது. "என்னம்மா, என்ன சொல்றே? கஷ்டம்தான், இருந்தாலும் எடுத்துக்கலாமா?" என்று என்னைக் கேட்டார்.

கட்டின புருஷனை அடுத்தவர் முன்னால் காட்டிக்கொடுக்க முடியுமா? முடியாது. அந்தப் பெரியவர் பையிலிருந்து எடுத்த விலையில் நான் திரைச்சீலை மாட்ட முடியுமா? அதுவும் முடியாது. இவர் உடைத்ததை இவரே சொல்லட்டும், இவர் வாயாலேயே சொல்லட்டும் என்று அந்த நிமிஷம் முடிவு பண்ணினேன்.

"வேண்டாங்க" என்றேன். "நகர்ற வீட்டுல குழந்தைய வெச்சுக்கிட்டு எப்படி இருக்கறது?"

வெளிச்சம் பட்டென்று அணைந்தது.

வீடு திரும்பினோம். வாசலில் செருப்பைக் கழற்றியதும் ஆரம்பித்தார்.

"கண்ணாடின்னா உடையத்தான் செய்யும்."

"வளையாது, பொய் சொல்லாதுன்னுதானே ஒட்டினீங்க."

"சில சமயம் சொல்லும். மட்டமான கண்ணாடியா இருந்தா."

"உங்க கடைக் கண்ணாடிங்க."

செருப்பை ஓரமாக நகர்த்தி வைத்தார். "காத்து அடிச்சிருக்கலாம்."

"ஜன்னல் சாத்தியிருந்துச்சு."

"பல்லி ஓடியிருக்கும்."

"எவ்வளவு பெரிய பல்லிங்க?"

மறுநாள் காலையில் வேறு காரணம். பஸ் போன அதிர்ச்சி. அந்தச் சந்தில் சைக்கிளே தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அதற்கும் அடுத்த நாள், கண்ணாடிக்கும் ஆயுசு என்று ஒன்று இருக்கிறது என்றார். ஒட்டும்போது நூறு வருஷம் நிற்கும் என்றவர் அவர்தான். அவர் உண்மையைச் சொல்லட்டும் என்று நான் ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்து வைத்துத்தான் பேசினேன்.

"ஏங்க, யாராவது வேணும்னே உடைச்சிருப்பாங்களோ?"

"சேச்சே. யாரு உடைப்பா? அவ்வளவு கேவலமான ஆளு யாரு இருக்கா?"

"அதான் நானும் யோசிக்கிறேன்."

"இருக்க மாட்டாங்க."

"இருந்தா வந்து சொல்லிடுவாங்க, இல்ல?"

அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். அந்த நாட்களில் அவர் குடித்த தண்ணீருக்கு எங்கள் வீட்டு அஸ்திவாரம்தான் இறங்கியிருக்க வேண்டும். பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. நகர்கிற வீட்டை வேறு எவர் வாங்கப் போகிறார், எங்கே ஓடிவிடப் போகிறது, இவர் நிதானமாகச் சொல்லட்டும் என்று நான் இருந்தேன்.

அவர் சொல்வதற்குப் பதிலாகத் தன் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

என் நாத்தனாரைப் பற்றி ஒரு வார்த்தை. அண்ணி பழைய சாமான் கடை வைத்திருக்கிறார். கால் போன நாற்காலி, கதவு இல்லாத பீரோ, பல் போன சீப்பு எதுவானாலும் வாங்குவார். வாங்கும்போது அது குப்பை. விற்கும்போது அது பொக்கிஷம். நடுவில் அவர் செய்வது ஒன்றுமில்லை, துடைப்பார், அவ்வளவுதான்.

"அக்கா பாக்காத பழசு கிடையாது. அக்கா சொன்னா நீ ஒத்துக்குவே இல்ல?" என்றார் என் வீட்டுக்காரர்.

"அண்ணி சொன்னா சரிங்க."

நாலு பேருமாக அந்த வீட்டுக்குப் போனோம். கண்டக்டர் ஐயா மறுபடியும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார், குழாய், மண், கான்கிரீட், மழை, கண்ணாடி, ஒன்றையும் விடவில்லை. அண்ணி தலையை ஆட்டிக்கொண்டே சுவர்களைத் தட்டிப் பார்த்தார். கதவைத் திறந்து மூடினார். ஜன்னல் கம்பியை உலுக்கினார். கடைசியில் கண்ணாடிப் பக்கம் வந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். கட்டை விரலை விளிம்பில் வைத்து ஒரு இழு இழுத்தார்.

விரலைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். அப்புறம் வெகு நேரம் ஒன்றுமே பேசவில்லை. அண்ணி பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. போச்சு, கண்டுபிடித்துவிட்டார், இப்போது தம்பியை நாலு கேள்வி கேட்கப் போகிறார், எனக்கும் வேலை மிச்சம் என்று நினைத்தேன்.

"தம்பி" என்றார் அண்ணி.

"சொல்லுக்கா."

"உன் பொண்டாட்டி சொல்றதுதான்டா சரி. இது வேணாம். நல்லா ரசமட்டம் வெச்சுப் புதுசாக் கட்டின இடமாப் பாரு. ஒரு வீட்டுக்காகக் குடும்பத்துல சண்டை எதுக்கு?"

"அக்கா, நீயே இப்படிச் சொன்னா..."

"நான் சொல்லாம யாரு சொல்றது? அக்கா உன் நல்லதுக்குத்தானே சொல்வேன்." என்னைப் பார்த்து, "நீ கெட்டிக்காரிம்மா. விட்டுடாதே, பிடிச்ச பிடியில நில்லு" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அண்ணி என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. இப்போது அதை நினைத்தால் முதுகு கூசுகிறது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை. நான் தரையில் உட்கார்ந்து துணி வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அவளுக்குச் சொல்வது போல எனக்குக் கேட்கும்படி ஆரம்பித்தார்.

"குட்டி, அப்பா ஒரு தப்புப் பண்ணிட்டேன்டா."

குட்டி அவர் மூக்கைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மாகிட்ட சொன்னா அம்மா திட்டுவாங்களா?"

"என்ன தப்புன்னு அப்பாவைக் கேளு குட்டி" என்றேன், கத்தரிக்கோலை நிறுத்தாமல்.

"ஒரு கண்ணாடிய உடைச்சிட்டேன்."

"எந்தக் கண்ணாடின்னு கேளு."

"அம்மாவுக்குத் தெரிஞ்ச கண்ணாடிதான்."

கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். "எனக்குத் தெரியுங்க. முதல் நாளே தெரியும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நிம்மதி முதலில் வந்தது, கோபம் பின்னால் வந்தது. "தெரிஞ்சுமா வேணாம்னு நின்னே? பல்லியெல்லாம் சொல்ல வெச்சியே."

"நீங்களாச் சொல்வீங்கன்னு பாத்தேன். அந்த ஐயாகிட்ட நீங்கதானே சொல்லணும்?" கொஞ்சம் பொறுத்துக் கேட்டேன், "உடைச்சதுதான் உடைச்சீங்க, விளிம்ப எதுக்குங்க தேச்சீங்க?"

தலையைக் குனிந்துகொண்டார். "குட்டி போய்த் தொடுவாளே."

அதற்கு மேல் நான் என்ன திட்டுவது? குட்டிக்குச் சட்டை மாட்டினேன். மூன்று பேரும் கிளம்பினோம். சொன்ன முழு விலையையே கொடுப்பது, காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்பது என்று வழியிலேயே பேசி முடித்தோம். எனக்கு மனசு லேசாக இருந்தது. திரைச்சீலையைக் கூடப் பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

கண்டக்டர் ஐயா முன் அறை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பெஞ்சின் மேல் தலையணையும் போர்வையும் இருந்தன. என் வீட்டுக்காரர் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. கீறினது, தட்டினது, தேய்த்தது எல்லாம். பெரியவர் கோபப்படுவார் என்று நான் குட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப வீடு நகரலியா?" என்றார் அவர்.

"இல்லைங்க. நின்ன எடத்துலதான் நிக்குது."

"நகரலை."

"இல்லைங்கய்யா."

எழுந்து பின் அறைக்குப் போனார். விரிசல் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றார். "இந்த ரூம்லதான் அவ படுத்திருந்தா. கடைசி வரைக்கும் கேப்பா, வீடு நின்னுடுச்சா, பயமில்லையான்னு. நின்னுடுச்சும்மா, தூங்குன்னு சொல்வேன். கண்ணாடி உடைஞ்சதும் அவகிட்டப் பொய் சொல்லிட்டேனோன்னு ஆயிடுச்சு. அன்னையிலருந்து நான் இங்க படுக்கல."

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் காது சிவந்திருந்தது. இவர் வாய் திறக்கட்டும் என்று நான் வேடிக்கை பார்த்த நாளெல்லாம் அந்த மனிதர் பெஞ்சில் படுத்திருந்திருக்கிறார்.

"மன்னிச்சிடுங்கய்யா" என்றார் என் வீட்டுக்காரர். "நீங்க முதல்ல சொன்ன விலைக்கே வீட்ட எடுத்துக்கறோம். ஒரு பைசா குறைக்க வேணாம்."

கண்டக்டர் ஐயா சுவரிலிருந்து கையை எடுத்தார். எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"டிக்கெட் கிழிச்சாச்சே தம்பி. நேத்துதான் அட்வான்ஸ் வாங்கினேன். குறைச்ச விலைக்கே பேசி முடிச்சாச்சு. சொன்ன வார்த்தைய நான் எப்படித் திருப்பி வாங்கறது?"

"யாருங்க வாங்கினது? நகருதுன்னு சொல்லலியா நீங்க?"

"சொன்னேனே, நல்லாச் சொன்னேன். பரவாயில்லைன்னுட்டாங்க. உங்களுக்குத் தெரியாதா? நீங்கதானே கூட்டிட்டு வந்தீங்க. உங்க அக்காதான்."

நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளிச்சம் இடது பக்கமாகத்தான் விழுந்துகொண்டிருந்தது.

அங்கிருந்து நேராக அண்ணி கடைக்குப் போனோம். அவர் ஒரு கை இல்லாத சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ரேடியோ ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்த வீடு நகரல. கண்ணாடிய நான்தான் உடைச்சேன்."

"தெரியும்டா."

"எப்படித் தெரியும்?"

"உடைஞ்ச கண்ணாடில விரல வெச்சேன். வலிக்கல. உன்னைத் தவிர எவன்டா அப்படி உடைப்பான்?"

"தெரிஞ்சுமா வாங்கினே?"

"தெரிஞ்சதாலதான் வாங்கினேன். நகர்ற வீட்ட எவளாவது வாங்குவாளா?"

"நான் உன் தம்பிக்கா."

"அதான் பெருமையா இருக்கு. வாயே திறக்காம கால்வாசி குறைச்சியே, எனக்குக் கூட வராதுடா அது."

நான் முன்னால் போனேன். "அண்ணி, என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அண்ணி ரேடியோவைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். உண்மையாகவே அன்பாகத்தான் பிடித்தார். "நீதானேம்மா வேணாம்னு ஒத்தக் கால்ல நின்னே. நீ வேணாம்னு ஒதுக்கினதத்தானே நான் எடுத்தேன்? உன்கிட்டருந்து பிடுங்கினேனா?"

அண்ணிக்குத் தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. எனக்குத் தெரிந்தும் திறக்கவில்லை. அவர் வீட்டோடு போனார், நான் பையில் திரைச்சீலையோடு நின்றேன்.

"நீ அங்க போய் இருக்கப் போறியாக்கா?" என்று மெல்லக் கேட்டார் என் வீட்டுக்காரர்.

"கடைய விட்டுட்டு நான் எங்கடா போறது? வாடகைக்குத்தான் விடணும்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சொந்தமாக இல்லாவிட்டால் என்ன, வாடகையாக இருந்தால் என்ன, அந்த ஜன்னல் அதே ஜன்னல்தானே. அவர் இடுப்பிலிருந்த குட்டியைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, எப்படி ஆரம்பிப்பது என்று தொண்டையைச் சரி செய்துகொண்டார்.

அதற்குள் அண்ணி முந்திக்கொண்டார்.

"தம்பி, உன் கடைக்கு நாலு பேரு வந்து போறாங்க இல்ல? நல்ல குடும்பமா ஒண்ணு பாத்துச் சொல்லேன். சின்னப் புள்ள இருக்கற குடும்பம் மட்டும் வேணாம்டா."